பாரிஸில் பயின்ற அம்ருதா ஷேர்கில்

மேற்படிப்புக்காக அயல்நாடு செல்லும் மாணவரை இரண்டு கேள்விகள் விடாமல் துரத்துகின்றன. புறப்படும்போது, எங்கே படிக்கப் போகிறாய் என்கிறார்கள். படிப்பு முடியும் தறுவாயில், திரும்பி வருவாயா என்கிறார்கள். நம் விடுதியில் முதுநிலை வகுப்பில் இருக்கும் நண்பர்கள் பலருக்கு இரண்டாவது கேள்வி, விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே ஊரிலிருந்து தொலைபேசியில் வந்து சேர்ந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. என் தாயார் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நான் பௌதிகம் படிப்பவன். ஓவியரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், சோதனைச்சாலையில் கருவி மூன்றாம் நாளாக ஒத்துழைக்க மறுத்தது. அந்த எரிச்சலில் பஸ் ஏறி இந்தியா கேட் பக்கம் போனேன். அங்கே ஜெய்ப்பூர் மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டில், அன்று குடியரசுத் துணைத் தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது. அங்கே இரண்டு படங்கள் என்னை நிறுத்தின. ஒன்றில் ஐரோப்பிய உடையணிந்த யுவதியும், பாதி உடை களைந்த பொன்னிறக் கூந்தல் பெண்ணும். மற்றொன்றில் இடுப்பில் வெள்ளை வேட்டியுடன் அமர்ந்திருக்கும் கருமேனி இளைஞர்கள். முதற் படத்துக்கு 1932, இரண்டாவதற்கு 1937. இரண்டுக்கும் கீழே ஒரே பெயர்! இடையில் ஐந்தே ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளில் இந்தக் கைக்கு என்ன நேர்ந்தது என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

அம்ருதா ஷேர்கில் 1913-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தாள். தந்தையார் உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீதியா பிரபுக் குடும்பத்தவர். வடமொழியும் பாரசீகமும் கற்ற பண்டிதர். புகைப்படக் கலையில் தீராத மோகம் கொண்டவர். தாயார் மரீ அந்துவானெத், ஹங்கேரிய நாட்டு இசைப் பாடகி. மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தியான பம்பா இளவரசியுடன் அவர் இந்தியாவுக்கு வந்திருந்தபோது லாகூரில் இருவரும் சந்தித்தனர். 1914-இல் தங்கை இந்திரா பிறந்தாள். முதல் உலகப் போர் மூண்டதால் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்க வேண்டியதாயிற்று. 1921-இல்தான் அவர்கள் இந்தியா வந்து சிம்லாவில் குடியேறினர். ஆகவே இந்த நாட்டை அம்ருதா முதலில் கண்டது எட்டு வயதில். தாய்நாடு என்று எதைச் சொல்வது என்ற சங்கடம் அப்போதே தொடங்கியிருக்க வேண்டும்.

சிம்லாவில் ஓவியமும் பியானோவும் கற்றாள். 1924-இல் தாயார் அவளை இத்தாலியிலுள்ள ஃபிளாரன்ஸுக்கு அழைத்துச் சென்று பள்ளியில் சேர்த்தார்; அது நிலைக்கவில்லை. திரும்பி வந்து சேர்ந்த சிம்லா கன்னிமாடப் பள்ளியிலிருந்தும், கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக வெளியேற்றப்பட்டாள். பெரும் செல்வர் வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளி போனால் என்ன, வீட்டிலேயே ஆசிரியர் வைக்கலாம். நமக்கெல்லாம் அப்படி நேர்ந்திருந்தால் கதை வேறு! இவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது பணம் செய்த உதவியை மறக்கலாகாது. மறைக்கவும் கூடாது.

1926-இல் தாய்மாமன் எர்வின் பக்தாய் சிம்லாவுக்கு வந்தார். இளமையில் ஓவியம் பயின்று, பிறகு இந்தியவியல் அறிஞராக மாறியவர் அவர். மருமகளின் படங்களைப் பார்த்தார். கற்பனைக் காதலர்களையும் கண்ணீர் வடிக்கும் நாயகிகளையும் விட்டுவிட்டு, எதிரே இருக்கும் மனிதரைப் பார்த்து வரையும்படி சொன்னார். வீட்டுப் பணியாட்களையே அமர வைத்து வரையச் செய்தார். முறையான கல்வி இவளுக்கு ஐரோப்பாவில்தான் கிடைக்கும் என்ற எண்ணமும் வீட்டில் வலுப்பெற்றது. 1929-இல் குடும்பம் முழுவதுமாகப் பெட்டி கட்டிக்கொண்டு பாரிஸ் சேர்ந்தது. அம்ருதாவுக்கு அப்போது வயது பதினாறு.

அந்நாளில் பாரிஸ் என்பது ஓவியர்களுக்குக் காசி மாதிரி. ரஷ்யாவிலிருந்து, போலந்திலிருந்து, ஜப்பானிலிருந்து, அமெரிக்காவிலிருந்து மாணவர்கள் வந்து குவிந்தனர். அவர்கள் சேர இரண்டு வகையான இடங்கள் இருந்தன. ஒன்று, மோன்பர்னாஸ் பகுதியில் இருந்த தனியார் பயிற்சிக் கூடங்கள். அங்கே நுழைவுத் தேர்வு கிடையாது. கட்டணம் செலுத்தினால் மாடல் முன்னே உட்கார்ந்து வரையலாம். மற்றொன்று, ஸேன் நதியின் இடக்கரையில் அரசாங்கம் நடத்திய எகோல் தெ போஸார் என்னும் நுண்கலைக் கல்லூரி. பெருமையும் கட்டுப்பாடும் மிகுந்த இடம். பெண்களுக்கு அதன் கதவு 1897-இல்தான் திறந்தது என்றால், நம் கதாநாயகி நுழைந்தபோது அந்த உரிமைக்கு முப்பத்துச் சொச்சம் வயதுதான்.

அம்ருதா முதலில் கிராந்த் ஷோமியேர் என்ற தனியார் கூடத்தில் பியேர் வையான் என்பவரிடம் பயின்றார். 1930-இல் எகோல் தெ போஸாரில் லூசியன் சிமோன் என்ற பேராசிரியரின் வகுப்பில் இடம் கிடைத்தது. 1934 வரை அங்கே பயின்றார்.

அந்தப் படிப்பின் தன்மையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓவியம் என்றால் மனம் போன போக்கில் வண்ணம் பூசுவது என்று விஞ்ஞான மாணவர்களாகிய நம்மில் சிலர் எண்ணுகிறோம். அங்கே நாள்தோறும் கரித்துண்டு கொண்டு நிர்வாண மாடலின் உருவத்தை வரைய வேண்டும். எலும்பு எங்கே தாங்குகிறது, தசை எங்கே மடிகிறது, உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பதெல்லாம் கைக்குப் பழக வேண்டும். பிறகு தைல வர்ணம். பிறகு பழம், பாத்திரம் முதலிய அசையாப் பொருள்கள். சோதனைச்சாலையில் நாம் ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கிறோமே, அதற்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. அங்கு வைக்கப்படும் ஆண்டுப் போட்டிகளில் உருவப்படத்துக்கும் அசையாப் பொருள் ஓவியத்துக்கும் அம்ருதா தொடர்ந்து பரிசுகள் பெற்றார்.

ஆனால் பேராசிரியர் சிமோன் போதித்த முறைதான் வியப்பானது. அவர் கற்பிக்கவே இல்லை என்று அம்ருதா பிற்காலத்தில் நன்றியோடு எழுதியிருக்கிறார். மாணவரையே சிந்திக்க விட்டார். சிக்கல்களை அவரவரே அவிழ்த்துக்கொள்ளும்படி விட்டார். எவரிடம் தனித் தன்மை தென்பட்டதோ அவரை அவர் போக்கிலேயே ஊக்கினார். இப்படிப்பட்ட வழிகாட்டி கிடைப்பது எந்தத் துறையிலும் அருமை. ஆராய்ச்சி மாணவ நண்பர்கள் இவ்விடத்தில் பெருமூச்சு விடுவது என் காதில் விழுகிறது.

உடன் பயின்றவர்களில் போரிஸ் தஸ்லித்ஸ்கி என்பவர் ஒருவர். ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவரை அம்ருதா வரைந்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் அவரைப் பூகன்வால்டு கைதி முகாமில் அடைத்தார்கள். அங்கேயும் ரகசியமாக வரைந்துகொண்டே இருந்தார் அம்மனிதர். ஒரே வகுப்பில் இருந்து புறப்பட்ட இருவர் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள், பாருங்கள்.

பாரிஸ் வாசிகளுக்கு அம்ருதா ஒரு கீழ்த்திசை விந்தையாகத் தோன்றினார். அவரை இந்திய இளவரசி என்று சிலர் கருதினர். அவரும் அதைச் சில வேளைகளில் ரசித்திருக்கக் கூடும். அக்காலத்தில் அவர் தம்மையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டார். சிலவற்றில் அவர் ஐரோப்பிய மங்கை. சிலவற்றில் இந்தியப் பெண். 1934-இல் தீட்டிய ஒரு படத்தில், பிரெஞ்சு ஓவியர் கோகான் வரைந்த தாஹித்தித் தீவுப் பெண்களைப் போலத் தம்மைக் காட்டிக்கொண்டார். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்ப் படிப்பவர் கண்ணாடியில் பார்க்கும்போது முகம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி தெரியும் போலும். தில்லியில் மூன்றாண்டு இருந்ததற்கே, ஊருக்குப் போனால் என் தமிழில் இந்தி வாடை அடிக்கிறது என்று என் அத்தை மகன் கேலி செய்கிறான்.

1932-இல் 'இளம் பெண்கள்' என்ற படத்தை முடித்தார். நான் கலைக்கூடத்தில் முதலில் கண்ட படம் அதுதான். ஐரோப்பிய உடையில் நிமிர்ந்து அமர்ந்திருப்பவர் தங்கை இந்திரா. கூந்தல் முகத்தை மறைக்கக் குனிந்திருப்பவர் பிரெஞ்சுத் தோழி. இப்படம் 1933-இல் பாரிஸின் கிராண்ட் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அம்ருதா அச்சபையின் இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது இருபது. அந்தச் சிறப்பை அடைந்த ஆசியர் அவரைத் தவிர வேறு எவரும் அன்று இல்லை.

இங்கேதான் கதை திரும்புகிறது. சாதாரணமாக, இவ்வளவு பெற்றவர் பாரிஸிலேயே ஒரு ஸ்டூடியோ எடுத்துக்கொண்டு தங்கிவிடுவார். அம்ருதாவுக்கோ 1933-ஆம் ஆண்டு இறுதியிலிருந்தே இந்தியா போக வேண்டும் என்ற ஏக்கம் பிடித்துக்கொண்டது. அவருடைய வண்ணங்களின் செழுமையைக் கண்ட பேராசிரியரும், மேல்நாட்டின் சாம்பல் நிற ஸ்டூடியோக்கள் உனக்கு உரிய இடம் அல்ல, கீழ்த்திசையின் ஒளியில்தான் உன் தன்மை மலரும் என்ற கருத்தைச் சொல்லி வந்தார்.

அவரைத் தடுத்தவர் யார் தெரியுமா? தந்தையார்! மகளின் சுதந்திரமான நடத்தை இந்தியாவில் குடும்பத்தின் நற்பெயருக்கு இழுக்குத் தேடும் என அவர் அஞ்சினார். இந்தியாவில் அவளுக்கு உண்மையான அக்கறை இல்லை என்றும் நினைத்தார். ஊர் திரும்பு என்று வற்புறுத்தும் பெற்றோரைத்தான் நாம் அறிவோம். திரும்பாதே என்ற தந்தைக்கு, 1934 செப்டம்பரில் ஹங்கேரியிலிருந்து அம்ருதா ஒரு நீண்ட பதில் எழுதினார். அதன் சாரம் இது: இந்தியச் சிற்பத்தையும் ஓவியத்தையும் புரிந்துகொள்ள எனக்குக் கண் கொடுத்ததே ஐரோப்பாவின் நவீன ஓவியம்தான்; நான் இங்கே வராமல் இருந்திருந்தால், அஜந்தாவின் ஒரு சுவர் ஓவியமோ கீமே அருங்காட்சியகத்திலுள்ள ஒரு சிறு சிற்பமோ ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலப் படைப்புகள் அத்தனையையும் விட மேலானது என்பதை உணர்ந்தே இருக்க மாட்டேன்.

கீமே என்பது ஆசியக் கலைப் பொருள்களுக்காகப் பாரிஸில் உள்ள காட்சிசாலை. சிம்லாவில் இருந்தபோது கண்ணில் படாத இந்தியா, அவருக்குப் பாரிஸில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தென்பட்டது. இதை நான் முதலில் படித்தபோது ஒரு பணக்காரப் பெண்ணின் விசித்திரமாகவே கருதினேன். பிறகு யோசித்தேன். சங்கப் பாடல்களை நான் முதன்முதலாக விரும்பிப் படித்தது மதுரையில் இல்லை. இந்தத் தில்லி விடுதியில், நம் சங்கத்தின் அலமாரியில் எடுத்த புத்தகத்தில்தான்.

1934 முடியும் தறுவாயில் அம்ருதா இந்தியா வந்து சேர்ந்தார். பாரிஸ் பாணியை மறக்க முயன்றார். கை எளிதில் மறக்குமா? அமிர்தசரஸில் உறவினர் வீட்டுப் பெண்கள் மூவரை வைத்து 1935-இல் ஒரு படம் தீட்டினார். மூவரும் மௌனமாகக் கீழே பார்த்தபடி, ஏதோ ஒரு விதிக்குக் காத்திருப்பவர்களைப் போல் இருக்கிறார்கள். பாரிஸில் கற்ற சதைத் திரட்சியும் நிழலும் ஒளியும் குறைந்து, வண்ணப் பரப்புகள் தட்டையாக விரிகின்றன. 1937-இல் பம்பாய்க் கலைச் சங்கம் இதற்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

அதற்கு முன்பே, 1935-இல், சிம்லா நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் ஒரு சம்பவம் நடந்தது. அம்ருதா பத்துப் படங்கள் அனுப்பினார். சங்கத்தார் ஐந்தைத் திருப்பிவிட்டார்கள். எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்றுக்குப் பரிசும் தந்தார்கள். பரிசு பெற்றது அவருடைய பழைய, பாரிஸ் பாணிப் படம். அவர் அந்தப் பரிசை ஏற்காமல் திருப்பி அனுப்பினார். இருபத்திரண்டு வயதில் இவ்வளவு செருக்கா என்று சிம்லா கனவான்கள் கோபித்துக்கொண்டார்கள். செருக்கு அவரிடம் இல்லை என்று நான் வாதாட வரவில்லை, நிறையவே இருந்தது. நம் ரவிவர்மாவின் படங்களைப் பற்றி அவர் கொண்டிருந்த ஏளனம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் இந்தப் பரிசு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. மாணவியாகச் செய்ததைப் புகழ்ந்து, அதைத் தாண்டிச் செய்ததைத் தள்ளினால், அந்தப் புகழ்ச்சிக்கு, நீ மாணவியாகவே இரு என்பதைத் தவிர வேறு என்ன பொருள்?

1936-ஆம் ஆண்டு இறுதியில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பம்பாயில் கலை விமரிசகர் கார்ல் கண்டாலாவாலாவின் நட்புக் கிடைத்தது. அதன் பிறகு அஜந்தா, எல்லோரா. கற்பனையில் மட்டும் போற்றிவந்த அஜந்தா ஓவியங்களை இப்போது குகைச் சுவரிலேயே நேரில் கண்டார். அழகிய சிறு விவரங்களை அடுக்கிக் காட்டாமல், செங்காவியும் மண்ணிறமுமாகப் பெரிய உருவங்களை ஒன்றோடொன்று பொருத்தி முழுச் சுவரையும் தாங்கச் செய்யும் வித்தை அங்கே இருந்தது. போஸாரில் நான்கு ஆண்டுகள் உடலின் பாரத்தை அளக்கக் கற்ற கண், அந்த வித்தையை உடனே இனங்கண்டுகொண்டது. வெறும் பக்தியோடு அஜந்தாவைப் பார்த்து அதன் மெல்லிய கோடுகளை மட்டும் நகலெடுத்தவர்கள் அன்று பலர். எலும்பைப் பார்த்தவர் இவர்.

பிறகு ஐதராபாத், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி. கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் அமர்ந்து, பள்ளி மாணவியைப் போலப் பிரதி எடுத்தார். தங்கப் பதக்கம் பெற்ற இணை உறுப்பினர் மறுபடியும் அரிச்சுவடி எழுதினார்! தென்னாட்டின் செம்மண்ணும், கரிய உடல்களும், அவற்றின் மேல் வெண்ணிற ஆடையும் அவருடைய நெஞ்சில் தங்கிவிட்டன.

1937-இல் சிம்லா திரும்பியதும் மூன்று பெரிய படங்கள் பிறந்தன: 'மணப்பெண்ணின் அலங்காரம்', 'பிரம்மசாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்'. 'பிரம்மசாரிகள்' படத்தின் முன் நான் நெடுநேரம் நின்றேன். அதில் வேட்டிகளின் வெள்ளையைக் கவனியுங்கள். வெள்ளை என்பது எல்லா நிறங்களும் சேர்ந்தது என்று நாம் பரீட்சையில் எழுதுகிறோம். இந்தப் படத்தில் ஒரு வெள்ளை இன்னொரு வெள்ளையைப் போல் இல்லை. ஒன்று நீலம் பாய்ந்தது, ஒன்று மஞ்சள் படிந்தது. கரிய மேனியின் அருகே வைத்ததால்தான் அவை வெள்ளையாகத் தெரிகின்றன.

அதே வேளையில் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் படங்களில் எவரும் பேசுவதில்லை. சந்தைக்குப் போகும் நம் கிராமத்தார் அவ்வளவு மௌனமாகவா போவார்கள்? என் பாட்டி சந்தைக்குப் புறப்பட்டால் தெருக்கோடி வரை குரல் கேட்கும். அம்ருதா தெற்கில் கழித்தது சில வாரங்கள். மக்களைத் தூரத்திலிருந்து கண்ணால் பார்த்தார், காதால் கேட்கவில்லை. அந்தச் சோகம் நம்முடையதா, அவருடையதா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும், இந்தியாவின் நவீன ஓவியத்தில் நம் கருநிறத்தை வெளுக்காமல், மன்னிப்புக் கேட்காமல், அழகு என்று கித்தானில் ஏற்றிய முதல் சிலரில் அவர் ஒருவர். அதற்காக அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மீதிக் கதை வேகமாக முடிந்துவிடுகிறது. 1937 நவம்பரில் லாகூரில் கண்காட்சி. புகழ் வந்தது, விற்பனை சொற்பம். 1938-இல் ஹங்கேரி சென்று, தாய்வழி உறவினரான டாக்டர் விக்டர் எகானை மணந்தார். 1939-இல் இருவரும் இந்தியா வந்து, கோரக்பூர் அருகே சராயாவில், பெரிய குடும்பத்தின் சர்க்கரை ஆலைப் பண்ணையில் தங்கினர். அங்கே முகலாய, பஹாடிச் சிற்றோவியங்களிலிருந்து புதிதாகக் கற்றுக்கொண்டு, சிறிய அளவில், ஒளிரும் வண்ணங்களில் கிராமப் பெண்களை வரைந்தார். 1941 செப்டம்பரில் கணவரோடு லாகூரில் குடியேறினார். டிசம்பரில் கண்காட்சி நடத்த ஏற்பாடாகியிருந்தது. திடீரென்று நோயுற்று, டிசம்பர் 5-ஆம் நாள் இரவு காலமானார். வயது இருபத்தெட்டு. அதே சமயத்தில் பிரிட்டன் ஹங்கேரியின் மீது போர் தொடுத்ததால், மனைவியை இழந்த விக்டர் எதிரி நாட்டவர் என்று காவலில் வைக்கப்பட்டார். தாயார் துயரம் தாங்காமல் 1948-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பாரிஸ் படத்தில் நிமிர்ந்து அமர்ந்திருந்த தங்கை இந்திரா மணந்தது நம் தமிழர் ஒருவரை. ஐ.சி.எஸ். அதிகாரியான கல்யாண் சுந்தரம், 1958 முதல் 1967 வரை இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர். அவர்களுடைய மகன் விவான் சுந்தரமும் ஓவியராகிப் பெயர் பெற்றார். பெரியம்மாவின் கடிதங்களைத் தொகுத்து 2010-இல் இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார். நான் மேலே சொன்னவற்றுள் பலவற்றை அந்தத் தொகுப்பைப் படித்தவர்கள் இன்னும் விரிவாக அறிவார்கள். 2023-இல் விவானும் மறைந்தார்.

1976-இல் இந்திய அரசு அம்ருதாவின் ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்தது. அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. 2023 செப்டம்பரில் அவருடைய 'கதை சொல்பவர்' என்ற 1937-ஆம் ஆண்டுப் படம் ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போயிற்று. இந்திய ஓவியம் எதுவும் அதுவரை அவ்வளவு விலை பெற்றதில்லை. உயிரோடிருந்தபோது, ஐதராபாத்தில் நவாப் சாலார் ஜங் படங்களைப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அவர் கடைசியாக வரைந்துகொண்டிருந்த படம் லாகூர் வீட்டு மாடியிலிருந்து தெரிந்த காட்சி. கீழே வீடுகள், கரிய எருமைகள். தைல வர்ணம் அங்கங்கே தடித்துக் கிடக்கிறது. உருவங்கள் இன்னும் பிரிந்து தெளியவில்லை. பாரிஸ் பாணியும் அதில் இல்லை, அஜந்தாவின் சாயலும் இல்லை. எந்தப் பள்ளியைச் சேர்ந்தது என்று சொல்லத் தெரியாத அந்தப் படம் பாதியில் நிற்கிறது.